ஊதிக் காட்டுங்க

கஃபன் துணியை விலக்கி அத்தாவின் முகத்தைத் திறந்து வைத்தார்கள். வெளியே மட்டாஞ்சேரிச் சந்தில் பள்ளிவாசல் ஆட்கள் சந்தூக்குப் பெட்டியைச் சுவரோரம் இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருந்த அத்தா மஜீதின் முகம், குளிப்பாட்டிய பிறகு கொஞ்சம் தெளிந்திருப்பதாக நௌஷிதாவுக்குப் பட்டது.

“மக தன்னோட ஈரலை அறுத்துத் தர நின்னா. அதுக்காவது வாயைக் கட்டினானா இவன்?” அத்தாவின் அக்காவான மாமி அழுதபடியே தம்பியைத் திட்டினாள். “குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.”

ஆறு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது, அப்புறம்தான் மாற்று ஈரல் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நௌஷிதாவுடையது பொருந்தியது. பெற்ற மகள் மாட்டேன் என்றா சொல்வாள்? ஒன்றரை வயது மகள் நௌரினை நினைத்துக் குளியலறையில் அழுததை அவள் யாரிடமும் காட்டவில்லை. ஆப்பரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது, அத்தா டாக்டர் முன்னால் தலையைச் சொறிந்தார்.

“நேத்தும் இத்திரி, ஒரு மடக்கு, குடிச்சேன் டாக்டரே.”

முப்பது வருஷம் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, இல்லவே இல்லை என்று சாதித்த மனிதர் அவர். ஆப்பரேஷன் நின்றுபோனது. அன்று நௌஷிதாவுக்குக் கோபம் வரவில்லை; அப்பாடா என்றிருந்தது. அதற்காகப் பதினெட்டு நாளாகத் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ரம்லத் குனிந்து அத்தாவின் வாயருகே முகர்ந்தாள். ஆறு மாதமாகத் தினமும் மாலை மஃரிபு தொழுகை முடிந்ததும் “ஊதிக் காட்டுங்க” என்பாள். அத்தாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஊதுவார். அவர் மூச்சு ஓய்ந்த பிறகும் அவள் பழக்கம் ஓயவில்லை.

நௌஷிதாவுக்குச் சட்டென்று உறைத்தது. தணிந்த குரலில் கேட்டாள். “டாக்டரைப் பாக்கப் போனதுக்கு முந்தின நாளும் ஊதினாராம்மா?”

“ஒரு நாள் விட்டதில்ல.”

“வாடை வந்துச்சா?”

“இல்ல மோளே. ஆறு மாசத்துல ஒரு நாளும் வரல.”

“அப்ப நீங்க ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?”

“நீ குளிமுறில அழுதது அவருக்குக் கேட்டிருக்கு. வாயைத் தொறக்காதேன்னு எனக்குக் கண்ணு காட்டினாரு.” ரம்லத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். “எனக்கும் மனசு வரல...”

அவள் துணியை இழுத்து அத்தாவின் முகத்தை மூடினாள். ஆண்கள் உள்ளே வந்தார்கள்.

அடுத்த அறையில் நௌரின் விழித்துக்கொண்டு அழுதாள். நௌஷிதா போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை திமிறிக்கொண்டு அவள் வலது விலாவில், ஈரலுக்கு நேராகக் காலால் உதைத்தது. உதைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.