உப்பில்லாத ஆறு வாரம்

என் மனைவிக்கு நான் எழுநூற்று அறுபத்து மூன்று கடன்பட்டிருந்தேன். கட்டின பெண்டாட்டியிடம் கடனா என்று சிரிப்பீர்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தாள். சலவைக்கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டு அவள் சேர்த்த காசு அது. எனக்குப் பாதிச் சம்பளம் ஆன அன்றைக்கே, அடுப்படியில் மாட்டியிருந்த காலண்டரைத் திருப்பி நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.

"வீட்டுச் செலவு அந்தப் பக்கம். உங்க உடம்புக்கு வாங்கற காய் இந்தப் பக்கம். பழைய வேலைக்குப் போனதும் ஒரு காசு விடாம எடுத்து வெச்சிடணும்."

பழைய வேலை என்பது சரக்குக் கிடங்கில் லாரிமேடை. வந்த லாரியைக் காலி செய்து, போகிற லாரியை நிரப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக மூட்டை என் முதுகிலும் நான் அந்த மேடையிலும் இருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி நர்ஸம்மா வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார். இந்த வருஷம் என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தவர், அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். மூன்றாம் தரமும் கட்டினார். நூற்று எழுபத்து நான்கு.

மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூட்டையோட நீ சாய்ஞ்சா மூட்டைக்கு யாருய்யா பதில் சொல்றது? ஆறு வாரம் கூட்டிப் பெருக்கு. நூத்தம்பதுக்குக் கீழ வந்தா மேடை. வரலைன்னா உன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

கூட்டிப் பெருக்குகிறவனுக்குப் பாதிச் சம்பளம். நர்ஸம்மா காலையில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொன்னார். வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து அம்மா, மெதுவாகத்தான் வரும் என்றேன்.

"மெதுவாவே எழுதுங்க. சாப்பிடறதும் மெதுவாவே சாப்பிடுங்க," என்றார்.

அப்போது இலை கொட்டத் தொடங்கியிருந்தது. கிடங்குக்குப் போகிற சாலை முழுக்கப் பழுத்த இலை. சந்தையில் மஞ்சள் பூசணி ஆள் உட்காருகிற அளவுக்குக் குவிந்து கிடந்தது. பீட்ரூட், முட்டைக்கோஸ், காளான், கரடுமுரடான பேரிக்காய் எல்லாம் அந்தப் பருவத்துக்கு மலிவு. வேலை முடிந்து வருகிற வழியில் என் மனைவி இரண்டு பை நிறைய வாங்கி வருவாள். அதில் மண் ஒட்டிய காயாகப் பார்த்துப் பொறுக்குவாள். "கழுவி வெச்சதெல்லாம் நேத்து வந்தது" என்பது அவள் கட்சி.

முதல் வாரம் எல்லாவற்றையும் வேகவைத்தாள். உப்பில்லாமல் வெந்த பூசணியைத் தின்பது ஈரச்சாக்கை மெல்லுவது போல. அதை அப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், கரண்டியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள்.

"ஈரத் துணி மேல இஸ்திரிப் பெட்டிய வெச்சா என்ன வரும்? ஆவிதான் வரும். மடிப்பு நிக்காது. இதுவும் அந்தக் கதைதான். தண்ணியில போட்டா ருசியெல்லாம் ஆவியாப் போயிடுது."

மறுநாள் இரும்புச் சட்டியைக் காய வைத்தாள். பூசணியைத் தோலோடு விரல் பருமனுக்கு அரிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அடுக்கி, மேலே ஒரு தட்டு வைத்து அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றினாள். துணியை அழுத்துகிற கை அல்லவா. திருப்பிப் போடும்போது ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகிக் கருப்பட்டி வாசனை வந்தது. மிளகைப் பொடித்துத் தூவினாள். நான் மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றேன். பீட்ரூட்டைத் தோலோடு மூடிவைத்து ஒரு மணி நேரம் சுட்டு, தோலை உரித்து எலுமிச்சை பிழிந்தாள். முட்டைக்கோஸை வதக்கும்போது ஒரு பேரிக்காயை நறுக்கிப் போட்டாள். பூண்டை முழுசாகச் சுட்டுப் பிதுக்கினால் வெண்ணெய் மாதிரி வந்தது. அதை ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடுவதால் அரிந்து வைப்பது என் பொறுப்பு. "மூட்டையா தூக்கறீங்க? காயைப் பாத்துப் பிடிங்க" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பூசணி ஏழு துண்டு. ரொட்டி இரண்டு. சுட்ட பூண்டு. உப்பு இல்லை. உப்பு இல்லை என்று எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

மூன்றாம் வாரம் நர்ஸம்மா பார்த்தார். நூற்று எழுபத்து ஒன்று.

அவர் நோட்டைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

"ஒரு நாள் விடலம்மா."

"அப்ப எங்கேயோ உப்பு போகுது. வீட்ல சமைக்கறது யாரு? உங்களுக்கு ருசியா இருக்கணும்னு தெரியாமக் கொஞ்சம் போட்டுடறாங்களோ என்னவோ. கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பூசணி ஏன் அவ்வளவு ருசி என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உப்பில்லாமல் எந்தக் காய் அப்படி இருக்கும்? கதவைத் திறந்ததும் வாய் தானாகச் சொன்னது.

"உன் சமையலாலதான் என் பொழப்பு போகுது. உப்பு போட்டுட்டுப் போடலைன்னு சொல்ற."

அவள் உப்பு ஜாடியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. நீங்களே வெச்சுக்கங்க. இனிமே இந்த வீட்ல ஒரு கல்லு உப்பு எனக்கு வேணாம்."

அதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் போன் செய்தபோது அவரிடமும் சொன்னேன். மனிதர் நியாயஸ்தர், ஆனால் அவசரக்காரர். "தங்கச்சிகிட்ட குடுங்க மாப்பிள்ளை" என்றார். புருஷன் உயிரோடு விளையாடுகிறாயா என்று அவர் கத்தியது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, சட்டியில் இருந்த காளானைத் திருப்பிப் போட்டாள். அன்று முதல் அவளும் உப்பில்லாமலே தின்றாள். தட்டை வைக்கும்போது "இந்தாங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. காய் மட்டும் தினமும் வந்தது. காலண்டரின் இந்தப் பக்கத்தில் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

கிடங்கில் ஒரு கேன் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே கோடையில் மூட்டை தூக்கினால் சட்டையைப் பிழியலாம். முன்னொரு காலம் இரண்டு பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அதிலிருந்து காலையில் ஒரு கேன் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து வைப்பது வழக்கம். கலக்குகிறவனுக்குக் கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம் என்று பெயர். நான் துடைப்பத்தைப் பிடித்த பிறகும் அந்தக் கேனை விடவில்லை. மேடை ஆட்களுக்கான தண்ணீர் அது. நான் இன்னும் மேடை ஆள்தான் என்று காட்டுவது போல, அவர்கள் பார்க்கத்தான் குடிப்பேன். வீட்டில் சப்பென்று தின்றுவிட்டு வந்த நாக்குக்கு அது வேறு அமிர்தமாக இருந்தது. பத்து மணிக்கு ஒரு குவளை என்பது இரண்டாகி, நாளுக்கு ஐந்து ஆகியிருந்தது.

அந்த நூற்று எழுபத்து ஒன்றுக்கு மூன்று நாள் கழித்து, நல்ல குளிர். ஒட்டகம் கேனைக் கவிழ்த்து மேடைக்குக் கீழே கொட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, கொட்டற?"

"நாளையிலேர்ந்து கேன் கிடையாதுண்ணே. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மூட்டை தூக்கறோம், எவனுக்கு வேர்க்குது? ரெண்டு வாரமா நீங்க ஒரு ஆளுதான் குடிக்கறீங்க. உங்க ஒருத்தருக்காக தினம் ரெண்டு பிடி உப்பு தண்டமாப் போகுது."

"எத்தனை பிடி?"

"கோடையில போடறதுதான். ரெண்டு." சொல்லிவிட்டு அவன் கழுத்து என் பக்கம் மெதுவாகத் திரும்பியது. "அண்ணே, உங்களுக்கு உப்பு ஆகாதுன்னுதானே துடைப்பத்தக் குடுத்தாங்க?"

நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நர்ஸம்மா நோட்டுல இத எழுதினீங்களா?"

"தண்ணிய யாருடா சாப்பாட்டுக் கணக்குல எழுதுவாங்க?"

"நல்லா இருக்கு! உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க உப்பையே தண்ணியாக் குடிச்சிருக்கீங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்வையில் உப்பு போகிறது, அதனால் உப்பு குடிக்கிறோம் என்பது பத்தொன்பது வருஷப் பாடம். வேர்வை நின்ற பிறகும் நான் குடிப்பதை நிறுத்தவில்லை. சந்தையில் காய் மாறியதைப் பார்த்தேன், சாலையில் இலை விழுந்ததைப் பார்த்தேன், தோளில் ஸ்வெட்டர் ஏறியதைப் பார்த்தேன். கை மட்டும் கோடையிலேயே நின்றுவிட்டது.

அன்றே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். படியேறும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் சுட்ட பீட்ரூட்டை உரித்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் சிவப்பு. "இந்தாங்க" என்று தட்டை வைத்தாள். இப்போது சொன்னால் அவள் அண்ணனிடமும் சொல்ல வேண்டும், நர்ஸம்மாவிடமும் சொல்ல வேண்டும். அழுத்தம் இறங்கட்டும், இறங்கினால் நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தின்றுவிட்டுக் கையைக் கழுவினேன். மறுநாளும் அப்படியே. தள்ளிப்போட்ட பேச்சு நாளுக்கு நாள் கனத்தது. நூறு கிலோ மூட்டையை இறக்கத் தெரிந்தவனுக்கு அதை இறக்கத் தெரியவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் நூற்று நாற்பத்து ஆறு. மேஸ்திரி காகிதத்தைப் பார்த்து, "சரி, போய் ஏறு" என்றார். நர்ஸம்மாவிடம் கேன் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாத்திரையை விடக்கூடாது, காயையும் விடக்கூடாது என்றார்.

அடுத்த வாரம் முழுச் சம்பளம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுநூற்று எழுபதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"பணம் இருக்கட்டும். எப்படி இறங்குச்சு? எங்கண்ணன் திட்டினதும் நான் திருந்திட்டேன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

இதற்கு மேல் ஓட இடமில்லை. கேன், குவளை, இரண்டு பிடி எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"இருபத்தஞ்சு நாள்."

அடுப்பை அணைத்தாள். "தப்பாச் சொன்னது கூடப் பெருசில்ல. கோபத்துல சொன்னீங்க. இருபத்தஞ்சு நாள் என் கையால வாங்கித் தின்னுக்கிட்டு வாயைத் திறக்கலையே, அதுதான்."

போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எங்கண்ணனுக்குப் போன் போடுங்க. என் முன்னாடியே போடுங்க."

போட்டேன். பெண்டாட்டி முன்னால் மச்சானிடம் தப்பை ஒப்புக்கொள்வதைவிட லாரியை முதுகில் சுமக்கலாம். அவர் முழுசாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, அவள என்னென்ன சொல்லிட்டேன்! குடுங்க அவகிட்ட."

நான் போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கை வேலையா இருக்கேன்னு சொல்லுங்க. நாளைக்குப் பேசறேன்."

அவள் கையில் வேலை எதுவும் இல்லை. அப்படியே சொன்னேன்.

பிறகு அவள் பணத்தை எடுத்தாள். விரலை ஈரமாக்கிக்கொண்டு இரண்டு தரம் எண்ணினாள். காசு டப்பாவைத் திறந்து மீதி ஏழு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். காலண்டரைத் திருப்பி, இந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அடித்தாள்.