முன்வாங்கு மொனிற்றர்

1934இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆண்கள் கல்லூரியொன்றில் நாங்கள் மூன்றே பெண்கள். முதல் வரிசையிலுள்ள முன்வாங்கில் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் பையன்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. சோதனையில் முதலாவதாக வந்ததால் அதிபர் என்னை வகுப்பு மொனிற்றர் ஆக்கினார்.

நான் வரவு இடாப்பில் பெயர் வாசித்தால் ஒருவனும் பதில் சொல்லமாட்டான். "பெட்டைக்கு ஓம் எண்டு சொல்லுறதோ?" என்ற வீறாப்பு. முறையிட்டால் என்னைத்தான் கல்லூரியிலிருந்து நிறுத்துவார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே எல்லாருக்கும் வரவு போட்டுவந்தேன்.

அன்றும் போட்டேன். எங்கள் வகுப்பு விடுதிப் பையன் தியாகலிங்கம் விடியற்காலையில் திடலுக்கு அப்பாலுள்ள கிணற்றில் தவறி விழுந்திருந்தான். வகுப்பில் இருப்பதாக இடாப்புச் சொன்னதால் பின்னேரம்வரை ஒருவரும் தேடவில்லை. உடலைத் தூக்கியபோது அவன் விரல்நகங்கள் கிணற்றுக்கல்லில் தேய்ந்துபோயிருந்தன.

அதிபர் இடாப்பை என் முன்னால் எறிந்தார்.

"ஒருக்காலாவது திரும்பிப் பாத்திருக்கக் கூடாதோ, பிள்ளை?"