ஏழடி முதலை

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொறுப்பாசிரியரில் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஸ்கேலக்காதான். போனில் யானை அளவு பன்றி, லாரி அளவு ஆமை என்று எந்தப் படம் சுற்றினாலும், அதில் ஒரு செங்கல்லோ சைக்கிளோ கிடக்கிறதா என்று தேடுவாள். கிடைத்துவிட்டால் போதும், அதை வைத்தே அளந்து அந்த மிருகத்தின் மானத்தை வாங்கிவிடுவாள்.

பத்திரிகையின் உண்மை சரிபார்க்கும் பிரிவில் மூன்று பேர், இரண்டு மின்விசிறி. முத்திரையும் இரண்டே இரண்டுதான்: சிவப்பில் ‘பொய்’, பச்சையில் ‘உண்மை’. நடுவில் இன்னொன்று வேண்டும் என்று அவள் ஒருமுறை கேட்டாள். “ஜனங்களுக்குக் கலர்தான் புரியும், விளக்கம் புரியாது” என்று பொறுப்பாசிரியர் வாயை அடைத்துவிட்டார். அவளும் அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

அன்று காலை வந்தது முதலை. ஏரிப் படிக்கட்டில் வாயைப் பிளந்து கிடந்தது. பின்னால் நின்ற ஆள் அதன் கால் உயரம்கூட இல்லை. ‘பஸ் நீள முதலை! பார்த்தவுடன் பகிரவும்!’ எந்த ஏரி என்று எழுதியவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இடமா முக்கியம், நீளம்தானே.

படத்தில் செங்கல்லும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஆனால் முதலைக்குப் பக்கத்திலேயே, படிகளை ஒட்டிச் சாய்வாக, நீர்மட்டம் பார்க்கும் பலகை பதித்திருந்தது. வெள்ளையில் கறுப்பு எண்கள், ஓர் எண்ணுக்கு ஓர் அடி. ஸ்கேலக்காவுக்கு ஸ்கேலே கிடைத்துவிட்டது. வால்நுனி இரண்டில், மூக்கு ஒன்பதில். ஏழடி! எடுத்தவன் போனைத் தரையோடு வைத்து எடுத்திருக்கிறான், அந்த ஆள் எங்கோ தள்ளிக் கரைமேல் நிற்கிறான், அவ்வளவுதான் சூட்சுமம். நாலு பத்தி விளக்கம் எழுதி, மேலே சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டு, நிம்மதியாக டீ குடித்தாள்.

மதியம் சாப்பிட்டு வந்தபோது போனில் அண்ணனின் குரல்பதிவு வந்து கிடந்தது. அண்ணனுக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. குழாய் வாயில் இருக்கும் கம்பிவலையைப் பாசி அடைத்தால், நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிப் பிடுங்கிப் போட வேண்டும்.

“பாப்பா, நீ பயப்படுவேன்னுதான் சொல்லல. எங்க ஏரில முதலை இருக்குன்னு ஒரு போட்டோ சுத்துதுல்ல, ரெண்டு நாளா நாங்க யாரும் தண்ணில இறங்கல. இப்ப சூப்பர்வைசர் உன் முத்திரையைக் காட்டி, உன் தங்கச்சியே பொய்னு சொல்லிட்டா, இன்னும் என்னய்யாங்கறாரு. எனக்கும் தெம்பா இருக்கு. நீ அளந்தா தப்பாது. சாப்பிட்டுட்டு இறங்குறேன்.”

அண்ணன் ஏரிதானா அது? படத்தைத் திறந்தாள். பலகையில் இருந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. சின்ன வயதில் வாத்தியாரிடம் அடி வாங்கியும் அண்ணன் விடாத கோடு. வருஷா வருஷம் அந்தப் பலகைக்கு வண்ணம் அடிப்பது அவன்தான். காலையிலிருந்து அண்ணன் கையெழுத்தை வைத்தே அளந்திருக்கிறாள், பாவி, அது யார் கை என்று பார்க்கவில்லை!

குரல்பதிவு வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. இறங்கும்போது சட்டையைப் போனோடு கழற்றி ஜன்னலில் மாட்டிவிடுவான். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவசரத்துக்கென்று அண்ணன் கொடுத்திருந்த சூப்பர்வைசர் எண்ணைத் தேடி எடுத்தாள்.

“சார், அண்ணனை இறக்காதீங்க. முதலை இருக்கு.”

“நீங்கதானேம்மா பொய்னு போட்டீங்க?”

“நீளம்தான் சார் பொய். முதலை நிஜம். உள்ள எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க.”

“அதையெல்லாம் யாரும்மா படிக்கிறது? மேல சிவப்பா பொய்னு இருக்கு. ஊரே தண்ணி இல்லாமக் கத்துது. மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க.” வைத்துவிட்டார்.

பொறுப்பாசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “முத்திரையை மாத்தணும்னா கூட்டம் போட்டுத்தான். பஸ் நீளமா அது? இல்லைல்ல? அப்ப பொய்தானே ஸ்கேலக்கா?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருக்கைக்குத் திரும்பினாள். எட்டு வருஷத்தில் ஒரு முத்திரையைக்கூட அவள் மாற்றிக் குத்தியதில்லை. சிவப்பை நீக்கினாள். ‘பஸ் நீள முதலை’யின் தலைமேல் பச்சையில் ‘உண்மை’ என்று குத்தினாள். வேண்டுமென்றே குத்தினாள். அதைச் சூப்பர்வைசருக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

பதினொரு நிமிடம். டீ கொண்டுவந்த பெண், “யாருக்குக்கா இப்படி மறுபடி மறுபடி போன் போடுறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. அண்ணன்.

“ஏறிட்டியா? ரெண்டு காலும் வெளிய இருக்கா?”

“இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன்.” மூச்சு இன்னும் வாங்கியது. “இடுப்பளவு தண்ணில நிக்கிறேன், சூப்பர்வைசர் செருப்புகூட இல்லாம ஓடி வந்து, ஏறு ஏறுன்னு கத்துறாரு. அவர் மூஞ்சியைப் பாத்துத்தான் பாப்பா பயந்தேன்.”

அவள் வாய்விட்டு அழுதாள். யார் பார்த்தால் என்ன.

“சரி, அழாத. காலைல பொய்னே. இப்ப பஸ் நீளம், உண்மைங்கறே. நெஜமா எவ்வளவு?”

“ஏழடிண்ணே. உன் பலகையை வச்சுத்தான் அளந்தேன்.”

அந்தப் பக்கம் அண்ணன் துண்டைப் பிழிகிறான் போலிருக்கிறது. தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

“ஏழடின்னே போட்டிருக்கலாமே பாப்பா. நான் இறங்கியே இருக்க மாட்டேனே.”

திரையில் பச்சை முத்திரை குத்திய முதலையை அதற்குள் மூவாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பொறுப்பாசிரியர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.