கடலடியில் முக்கோணத் தகடு

நப்லா திருகோணமலை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பழைய படங்களைத் திருத்திக் கொடுப்பவள். அந்த வாரம் கனடாவிலிருந்து ஒரு பெண் மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். இரண்டாம் உலகப்போரில் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பறந்த குண்டுவீச்சு விமானமொன்றின் முன்னால் அதன் ஆட்கள் நிற்கும் படங்கள். தன் பெரியப்பா பறந்தது எந்த விமானம் என்று அவளுக்குத் தெரியவேண்டுமாம்.

விமானத்தின் அடையாள எழுத்தை ஆட்களின் தோள்கள் மறைத்திருந்தன. நப்லா படங்களைப் பெருப்பித்துத் தேடினாள். பக்க ஜன்னலுக்குக் கீழே, உடைந்த இடத்தை ஒட்டுப்போட்டதுபோல, கோணலாக அறைந்த முக்கோணத் தகடு ஒன்று தெரிந்தது. மூன்று படங்களிலும் அதே தகடு, அதே கோணல். ஆக, மூன்றும் ஒரே விமானம்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவளுடைய அண்ணன், நானா ஹஸன் முந்தின நாள் அனுப்பியிருந்த வீடியோவைத் திறந்தாள். அவன் சங்கு குளிப்பவன். சாம்பல்தீவுக்கு நேரே கடலடியில் ஏதோ பழைய விமானத்தைக் கண்டதாகச் சொல்லியிருந்தான். வீடியோவில் அவன் கை பாசியைத் துடைத்தது. ஒரு ஜன்னல் தெரிந்தது. அதன் கீழே கோணலான முக்கோணம்.

நப்லா சோற்றைத் தள்ளிவைத்தாள். வீடியோவின் கடைசியில் மணலில் புதைந்த பீப்பாய்கள் கிடந்தன. கீழே நானா எழுதியிருந்தான்: “நல்ல இரும்பு. நாளைக்கு ஒண்ட மேல எடுக்கப்போறன்.”

அவள் மூன்றாவது படத்துக்கு ஓடினாள். இதுவரை முகங்களையும் தகட்டையுமே கவனித்திருந்தாள். இப்போது பின்னால் பார்த்தாள். விமானத்தின் வயிற்றுக் கதவு கடைக் கதவுபோல மேலே சுருண்டிருந்தது. கீழே தள்ளுவண்டியில் அதே பீப்பாய்கள். முன்பு எண்ணெய் என்று கடந்துபோயிருந்தாள். ஒன்றில் சோக்கினால் பகிடி எழுதி, எதிரிக்கு முகவரியும் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பீப்பாயில் யார் அப்படி எழுதுவார்கள்?

நானாவின் போன் வேலை செய்யவில்லை. ஆட்டோ பிடித்துச் சாம்பல்தீவுக் கரைக்குப் போனாள். வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவன் கஜீபனிடம் மூச்சுவாங்கச் சொன்னாள்.

“ஏறுங்கோ அக்கா,” என்று அவன் வள்ளத்தைத் தள்ளினான்.

நானாவின் போட் தூரத்தில் நின்றது. அதில் கூட்டாளி ஜமால்தீன் மட்டும், இறுகிய கயிற்றைப் பிடித்தபடி.

“இழுக்காதீங்க! அது குண்டு!” என்று நப்லா கத்தினாள்.

ஜமால்தீன் இழுப்பதை நிறுத்தினான். “பாதித் தூரம் வந்துட்டு புள்ள.”

“வெட்டி விடுங்களன்!” என்றான் கஜீபன்.

“ஏலாது. ஹஸன் நேர கீழ நிக்கிறான்.”

இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. கஜீபன் அந்தப் போட்டுக்குத் தாவிக் கயிற்றில் கைவைத்தான். நப்லா தண்ணீரில் எழும் குமிழிகளையே பார்த்தாள். அவை ஒருமுறை நின்றன. அவளுக்குத் தெரிந்த துஆ எல்லாம் வாயில் குழம்பின. பிறகு வேறொரு பக்கத்தில் குமிழிகள் வந்தன. அதன் பின்னால் ஹஸனின் தலை.

“என்னத்துக்குடா நிப்பாட்டின?” என்று அவன் ஜமால்தீனை ஏசினான்.

“நானா, போட்டுல ஏறுங்க. ஒண்டும் கேக்காம ஏறுங்க,” என்றாள் நப்லா.

அவன் ஏறியதும் கஜீபனும் ஜமால்தீனும் சாண் சாணாகக் கயிற்றை இறக்கினார்கள். பீப்பாய் மணலில் அமர்ந்து கயிறு தளர்ந்தபோது ஜமால்தீன் அதை அறுத்துவிட்டு அப்படியே குந்திவிட்டான்.

நப்லா போனில் படத்தைக் காட்டினாள்.

“இரும்பா எண்டு பாக்க, சுத்தியலால தட்டினனான் புள்ள,” என்றான் ஹஸன். பிறகு போட்டுக்கு வெளியே குனிந்து வாந்தி எடுத்தான்.

அன்றே கடற்படைக்குச் சொன்னார்கள். கடலுக்குள் இறங்கிப் பார்த்த சுழியோடிகள், நீர்மூழ்கிக் கப்பல்களை உடைக்கப் போடும் குண்டுகள் என்றார்கள். உள்ளே வெடிமருந்து இன்னும் கெடாமல் இருந்ததாம். அடுத்த வாரம் கரையிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டு, ஆழத்துக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். தூரத்தில் நின்றும் காலடியில் நிலம் அதிர்ந்தது. வெள்ளையாக எழுந்த தண்ணீர் விழுந்து முடிந்த பிறகும் ஹஸன் தங்கச்சியின் கையைப் பிடித்தபடியே நின்றான்.