உருளைக்கிழங்கு வயல்

நவம்பர் மழையில் ஊறிக் கிடந்த கால்பந்துத் திடலின் புல்தரையில், அதைப் பராமரிக்கும் ரூடிகர் ஹால்பாக் மண் குத்தும் முள்கரண்டியைக் காலால் அழுத்தி, ஆட்டி, உருவினார். குத்திய ஓட்டைகளில் தண்ணீர் இறங்கவில்லை. மேலே பொங்கி வந்தது. அடியில் வடிகுழாய்கள் அடைத்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டார். கிளப் நிர்வாகம் விருந்தினர் கூடத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தது.

ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு புதுக் கோச் ஃபோல்க்மார் டெஷ் வந்தான். பின்னால் கேமராவோடு டிவிக்காரர்கள்.

இருவருடைய அப்பாக்களும் ஒரே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர்கள். இருவரும் இந்தக் கிளப்பின் இளைஞர் அணியில் சேர்ந்து ஆடியவர்கள். ஒரு பயிற்சியின்போது டெஷ் தேவையே இல்லாமல் பாய்ந்ததில் ரூடிகரின் முழங்கால் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தான், சாக்லேட் பெட்டியோடு. பாதியை அவனே தின்றுவிட்டுப் போனான்.

பிறகு பெரிய கிளப்புகள், தேசிய அணியில் எட்டு ஆட்டம். காலில் தெம்பு போனதும் கோச். மூன்று ஊர்களில் வேலைக்கு வைத்து, மூன்று ஊர்களிலும் துரத்தினார்கள். துரத்தும்தோறும் கார் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. இப்போது சொந்த ஊரைக் காப்பாற்ற வந்திருக்கிறான்.

"ஃபோல்க்மார், இன்னைக்கு இதுல பசங்கள ஓட விடாதடா. பக்கத்துத் திடலுக்குக் கூட்டிட்டுப் போ. சனிக்கிழமை மேட்ச் இருக்கு. இப்ப மிதிச்சா சேறாயிடும்."

டெஷ் கேமராவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "மிஸ்டர் ஹால்பாக், ஆளுங்க முன்னாடி 'நீங்க'ன்னு பேசிப் பழகுங்க. ஆளுக்காகப் புல்லா, புல்லுக்காக ஆளா?"

ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். ஒன்றரை மணி நேரம் மிதித்தார்கள்.

சனிக்கிழமை மேட்ச்சில் பின்காவல் ஆட்டக்காரன் சேற்றில் வழுக்கி விழ, பந்து தானாக வலைக்குள் உருண்டது. தொடர்ந்து ஆறாவது தோல்வி. பத்திரிகையாளர் கூட்டத்தில் டெஷ் கைகளை விரித்தான்.

"என் பசங்க உயிரைக் கொடுத்து ஆடினாங்க. ஆனா இது மைதானமா? உருளைக்கிழங்கு வயல்!"

துணி வெளுக்கும் அறையில் இயந்திரத்துக்குள் சேறு அப்பிய சட்டைகளைத் திணித்துக்கொண்டே, அந்தக் காலத்திலிருந்து அங்கே துவைக்கும் கெர்லிண்ட காறித் துப்பாத குறையாகச் சொன்னாள்: "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அவன் இங்க ஆடின காலத்துலயே அவன் சட்டைதான் சுத்தமா வரும். விழுந்து எழுந்தாத்தானே அழுக்காகும்!"

ரூடிகர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார்.

"புல் வேலைய ஒரு கம்பெனிகிட்ட கொடுக்கறோம், ரூடிகர். கோச் ரொம்ப பிடிவாதமா இருக்கார். நீயே வேலைய விட ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டா மரியாதையா போயிடும்."

"வடிகுழாயப் பத்தி எழுதிக் கொடுத்தேனே?"

"அத இப்ப கிளறாத."

இருபத்தாறு வருடம். அதில் ஒரு தடவைகூட அந்த அறை நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னதில்லை. அன்றும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். சாவிக் கொத்தை மேசையில் வைத்தார். புல்வெட்டும் வண்டியின் சாவியை மட்டும் எடுத்து, அது கொஞ்சம் மக்கர் பண்ணும், முதலில் இடப்பக்கம் திருப்பிவிட்டுப் பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நிர்வாகி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு தோல்விக்குப் பிறகு டெஷ்ஷையும் அனுப்பினார்கள். நடுத்திடலில் நிற்க வைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். கூட்டம் எழுந்து கை தட்டியது. ஒப்பந்தம் முடியும் வரை சம்பளமும் உண்டு.

பிப்ரவரியில் ரூடிகர் வேலைவாய்ப்பு அலுவலகத்து பெஞ்சில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரோ விட்டுப்போன செய்தித்தாளில் டெஷ் வேறொரு ஊர் கிளப்பின் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துச் சிரித்தான். 'அனுபவத்தின் வருகை' என்று போட்டிருந்தது.

அவரது எண் வந்தது. மேசைக்காரப் பெண் கிளப் கொடுத்த சான்றிதழை வாசித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"'எப்போதும் முயற்சி செய்தார்'னு எழுதியிருக்காங்க. வேலை தெரியாதவர்னு அர்த்தம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எதுக்காக வெளியே அனுப்பினாங்க?"

"தொடர்ந்து ஆறு மேட்ச் தோத்தோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆடினீங்களா?"

"இல்லம்மா. புல்லு வெட்டினேன்."

'வயது' என்ற கட்டத்தில் அவள் ஐம்பத்து நான்கு என்று தட்டிவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள்.