சொன்னால்தான் சொட்டும்

அவள் கண் நுண்ணோக்கியில் இருந்தது. பக்கத்தில், அழுத்தப் பொத்தான்மேல் விரலை வைத்தபடி அவளுடைய அத்தை மகன். பொத்தானை அழுத்தினால் துளி சொட்டவைக்கும் அந்த இயந்திரத்தைச் செய்து கொடுத்த இன்ஜினியர் அவன்தான்.

மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் புரதக் கரைசல். உயிரோடிருக்கும் மூளைத் திசுவில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நரம்பின் முனைக்குப் பக்கத்தில் மட்டும் அது சொட்ட வேண்டும். சொட்டிய பக்கம் முனை திரும்பினால் அவள் ஜெயித்தாள். திரும்பாவிட்டால் நாளை முதல் இந்த நுண்ணோக்கி வேறு குழுவுக்கு என்று தலைமை விஞ்ஞானி கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் "குடு" என்றால் அவன் அழுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள். "உங்க ரெண்டு பேர் கல்யாணத் தேதியை நீ சொல்றியா, நாங்களே வெச்சிடட்டுமா?"

"அம்மா, அப்பாகிட்ட குடு!"

அவன் கொடுத்துவிட்டான். குழாய் இன்னும் முனைப்பக்கம் போய்ச் சேரவில்லை; திசு முழுக்கப் புரதம் பரவ, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நரம்பு திருதிருவென்று விழித்தது.

"டேய் மண்டு! அம்மாவைப் போனைக் குடுக்கச் சொன்னேன்டா!"

"எனக்கெப்படித் தெரியும்? குடுன்னே, குடுத்தேன்."

மிச்சமிருந்தது ஒரே திசுத் துண்டு. அதுவும் சாயங்காலம் வரை தாங்காது. போனை அணைத்து இழுப்பறையில் போட்டாள்.

"வேற வார்த்தை வெச்சுக்கலாம். பேச்சுவாக்குல வரக்கூடாது."

"'அத்தான்'னு வை. பொறந்ததுலேர்ந்து நீ சொன்னதே இல்ல. தவறிகூட வராது."

"கொழுப்புடா உனக்கு."

"பாதுகாப்பு ஏற்பாடும்மா."

மறுக்கக் காரணம் தேடினாள். விஞ்ஞானப்படி அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சல்.

குழாயை நரம்பு முனையருகே கொண்டுபோய் நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திசுவோ மங்கத் தொடங்கியிருந்தது.

"அ..."

"பாதி வார்த்தைக்கெல்லாம் சொட்டாது."

"அத்தான்!" கத்தியே விட்டாள்.

பொட்டுப்போல ஒரு துளி, வேண்டிய இடத்தில் மட்டும். இருவரும் காத்திருந்தார்கள். அவள் கழுத்து வலித்தது, கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, நரம்பு முனை மெல்லத் துளியின் பக்கம் வளைந்தது.

"திரும்புச்சா?"

"திரும்பிடுச்சு." அவள் காது சிவந்திருந்தது. "ரொம்பத் துள்ளாதீங்க. திரும்பினது நரம்பு."

"துள்ளாதீங்களா?"

அறையில் தன்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.