தரையில் கிடத்திய பிறகு

பதினொன்று இருபதுக்கு அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். தோளைப் பட்டாபி பிடித்தான், காலைக் கிருஷ்ணவேணி.

கட்டிலில் உயிர் போகக்கூடாது. வலியசாலைத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். காலை விமானத்தில் புனேயிலிருந்து வந்த பட்டாபி அப்பாவின் நகங்களைப் பார்த்தான். நீலமாகியிருந்தன. இனி அரைமணி தாங்காது என்றான். தரையில் தர்ப்பை பரப்பி, தலையைத் தெற்கே வைத்துக் கிடத்தினார்கள். வீட்டுப் பூனையைப் பட்டாபி பின்கட்டில் தள்ளிக் கதவைத் தாழிட்டான். உயிர் போன உடலைப் பூனை தாண்டினால் ஆகாது.

மணி ஒன்றாயிற்று. அப்பா போகவில்லை.

நுரையீரல் கெட்டவருக்கு மல்லாந்து கிடப்பது எத்தனை கஷ்டம் என்று வேணிக்குத் தெரியும். வலி தணிக்க வாரம் இரண்டு முறை வரும் பாலியேட்டிவ் நர்ஸ் ரெஜி, தலைக்கு மூன்று தலையணை வைக்கச் சொல்லியிருந்தாள். மூச்சு முட்டுவதைவிட அந்தப் பயம்தான் பெரும்பாடு என்றும் சொல்லியிருந்தாள். பயத்துக்கு மாத்திரை இருந்தது. மூன்று மாதமாக அதைத் தொட வேண்டி வரவில்லை. முட்டல் தொடங்கினால் சாம்பல் பூனை மடியில் ஏறிச் சுருண்டு குர்குர் என்னும். அப்பாவின் கை அதன் முதுகில் போய் வரும். முதலில் கை நிதானமாகும், பிறகு மூச்சு.

இப்போது மாத்திரை உள்ளே இறங்காது. அந்தக் கை வெறும் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"திரும்பக் கட்டில்ல ஏத்திடலாம் அண்ணா."

"இறக்கினவரை ஏத்தறதா?"

"மூச்சு முட்டறது."

"நேக்குக் கண்ணில்லையா?"

அவன் சாஸ்திரிகளுக்குப் போன் செய்தான். அவரும் கூடாது என்றாராம். வேணி மூன்று தலையணையை எடுத்துவந்து அப்பாவின் முதுகுக்குக் கொடுத்தாள். பட்டாபி பார்த்தான், தடுக்கவில்லை. அப்பாவின் நெற்றி வியர்த்தது. வாய் திறந்து திறந்து மூடியது. பின்கட்டுக் கதவைப் பூனை பிறாண்டியது. அப்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை.

வேணி எழுந்தாள். பட்டாபி அவளுக்கு முன்னால் போய்க் கதவை மறைத்து நின்றான்.

"வேண்டாம், கேட்டியா. தெருவில என்ன சொல்லுவா?"

"தெருவுக்கா மூச்சு முட்டறது?"

"அவர் நல்லபடியாப் போகணும்டி. இது ஒண்ணுதான் நான் செய்யறது."

இன்றைக்கு முன் அவன் அப்பாவை வந்து பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல வேணிக்கு வாய்வரை வந்தது.

"பயந்துண்டே போகணுமா அண்ணா?"

அவன் நகரவில்லை. அவள் அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். அந்தக் கையை அவன் பிடிக்கவும் இல்லை.

பூனை உள்ளே வந்து தர்ப்பையை முகர்ந்தது. அப்பாவின் விலாவோடு நடந்து, வயிற்றில் ஏறிச் சுருண்டது. கை அதைத் தேடிப் பிடித்தது. வேணி கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு நாற்பது. கொஞ்ச நேரத்தில் முப்பத்திரண்டு. பிறகு இருபத்தாறு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி உலர்ந்தது.

பட்டாபி கங்கைச் சொம்பின் மூடியைத் திறந்து, உத்தரணியில் எடுத்து அப்பாவின் வாயில் இரண்டு சொட்டு விட்டான். ஒரு சொட்டு உள்ளே போயிற்று.

இரண்டரைக்கு அந்தக் கை நின்றது. வேணி அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. பூனை இருந்த இடத்திலேயே குர்குர் என்றுகொண்டிருந்தது. உடனே அதைத் தூக்கியிருக்க வேண்டும். அவள் தூக்கவில்லை.

பட்டாபி அருகில் வந்தான். பூனையைக் கழுத்தைப் பிடித்து முற்றத்தில் எறியப்போகிறான் என்று அவள் நினைத்தாள். கொடுக்கக்கூடாது என்று முன்னால் நகர்ந்தாள். அவன் மெல்ல முட்டிபோட்டு உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தான். கையை நீட்டினான். பூனையின் காதுக்கு ஒரு விரற்கடை இருக்கையில் அவன் கை நின்றுவிட்டது.

"கடிக்குமோடி?"